சங்கொலி கேட்டு வந்தவன்

அன்ஸ் நுவார்,
நவம்பர் 9

அன்புத் தங்கை யூடோராவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உனக்கு உண்டாகட்டும். புயலுக்குப் பிறகு அண்ணன் எழுதிய முதல் கடிதத்தில் இந்த வரி இல்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அப்போது எனக்கு அந்தப் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை.

உன் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. தகரம் புதிது, மழை பெய்தால் காது அடைக்கிறது. கரண்ட் இன்னும் வரவில்லை. குவாதலூப் தீவிலிருந்து நீ அனுப்பிய அரிசியும் மெழுகுவத்தியும் நனையாமல் வந்து சேர்ந்தன.

உன் பதிலும் வந்தது. "அவருக்குப் படகுதான் பெருசு, பொண்டாட்டி ஞாபகமே வரல பாரு. நான் எதுக்கு வந்து கல்லறையில பூ வைக்கணும்?" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கணவன் லென்னாக்ஸ் தன் படகைக் காப்பாற்றப் போய் வெள்ளத்தோடு போனான் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? பொய். அவன் படகு முந்தின நாளே பத்திரமாக மேலே ஏறியிருந்தது. அவன் வந்தது என் படகுக்காக.

புயலன்று காலை முழுக்க நான் கூரைக்கு ஆணி அடித்துக்கொண்டு படகை மறந்துவிட்டேன். மதியம் பார்த்தால் அலை பக்கத்தில் வந்துவிட்டது. சங்கை எடுத்து மூன்று தரம் ஊதினேன். சங்குச் சத்தம் கேட்டால் யார் படகு என்று கேட்காமல் கரைக்கு ஓடி வருவதுதானே நம் ஊர்ப் பழக்கம்? அன்று கதவுகள் திறக்கவில்லை. ரேடியோவில் வெளியே வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் ஊதினேன்.

லென்னாக்ஸ் மட்டும் வந்தான். நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையில் வந்தான். "மச்சான், உன் ஓட்டைப் படகுக்காக என் புதுச் சட்டை நாசமாப் போகுது. யூடோராகிட்ட நீதான் பதில் சொல்லணும், ஆமா!" என்று சிரித்துக்கொண்டே தள்ளினான். படகைக் கோயில் சுவருக்குப் பின்னால் சேர்த்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது வழியிலுள்ள ஓடையை நான் முதலில் தாண்டினேன். அவன் நடுவில் இருக்கும்போது மேலேயிருந்து மரங்களோடு தண்ணீர் வந்துவிட்டது. கையை நீட்டினேன். எட்டவில்லை, யூடோரா. படகில் ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு நான் பூசைக்குப் போகவில்லை. மலையில் ஒரு இலை இல்லை, தீ வைத்தது போல் கிடந்தது. பூ இல்லாமல் ஒரு தேன்சிட்டு கொடியில் காய்ந்த என் சிவப்புத் துண்டைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும், மறுபடி வரும். இந்தக் குருவிக்குக்கூட வழி பண்ணாதவர் என்ன கடவுள் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிவிட்டு ஒரு மூடியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். குடித்தது.

மூன்றாவது வாரம், லென்னாக்ஸ் உன் வீட்டுக்குப் பின்னால் நட்ட சீமைப்பலாவை விறகுக்கு வெட்டப் போனேன். அது இடுப்பளவில் ஒடிந்து கிடந்தது. கத்தியை ஓங்கினால், அடிமரத்திலேயே, கிளை இல்லாத இடத்தில், பச்சையாக ஒரு குருத்து. குழந்தையின் மூடிய கை அளவுதான். நிமிர்ந்து பார்த்தால் மலையெல்லாம் அப்படியே, ஒடிந்த மரங்கள் உடம்பெல்லாம் பச்சை விட்டிருந்தன. கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே மண்டியிட்டேன். நான் திட்டிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அவர் அந்த மரத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். மரத்தையே விட்டுப் போகாதவர், அந்தத் தண்ணீரில் லென்னாக்ஸை விட்டுப் போயிருப்பாரா? மாட்டார். அதை நான் நம்புகிறேன்.

அது ஆறுதல் என்று நினைக்காதே. கடவுள் இல்லை என்றிருந்தவரை என் பொய்யைக் கேட்க ஆளில்லை. இப்போது இருக்கிறார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து முழுவதையும் கேட்டார். பிறகு, "கடவுள்கிட்ட சொல்லிட்ட, சரி. தங்கச்சிகிட்ட எப்பப்பா சொல்லப் போற?" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன்மேல் உனக்குள்ள கோபத்தை எடுத்து என்மேல் வை. அது எனக்குச் சேர வேண்டியது. அவன் உன்னை மறந்து போகவில்லை. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் தள்ளினான்.

சங்கை அவன் கல்லறையில் வைத்துவிட்டேன். கல்லறையில் சங்கு வைப்பது இங்கே வழக்கம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கரைக்கு மீன் வந்துவிட்டது, ஆள் கூப்பிடச் சங்கு ஊதச் சொல்கிறார்கள். நான் தொடவில்லை. கப்பல் ஓடத் தொடங்கியிருக்கிறது. நீ வா. பூவோடு வா. அந்தச் சங்கை எடுத்து என் கையில் கொடுத்தாயானால் ஊதுவேன். அங்கேயே விட்டுவிட்டுப் போனாலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அந்தக் குருத்து இப்போது ஏழு இலை விட்டிருக்கிறது. அதைத் தழைக்க வைத்தவர் உன்னைக் காப்பாராக.

உன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அண்ணன் இப்பொலீத்