திருவிழாக் குழுவில் ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை.

கடையைப் பூட்டிவிட்டு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா வாட்ஸ்அப் குழுவை நான்தான் நடத்துகிறேன். கீழ் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து பறிக்கிற செல்வியை முந்தாநாள்தான் அதில் சேர்த்தேன். இன்று காலை அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த வருசமாவது தேர் கீழ் லயத்துக்கு வருமாங்க? நாங்களும் வாசல் தெளிச்சுக் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

கொழும்பில் இருந்துகொண்டு மேளத்துக்குச் செலவு கொடுக்கிற சந்திரன் எழுதினான்: "நேத்து வந்தவங்க எல்லாம் தேருக்கு ரூட் போட வேணாம்." உடனே வரிசையாகக் கைதட்டல் படங்கள். தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுகிற பெரிய மனிதர்கள்தான் எல்லாரும். கீழ்ப் பாதை ஒடுக்கம், தேர் திரும்பாது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். அதற்கு மூளை வேண்டுமே. செல்வி குழுவை விட்டுப் போய்விட்டாள்.

உருளைக்கிழங்கு அழுகல் என்று கத்திக்கொண்டு என் கடைக்கு வருகிறவனுக்கும் முதலில் ஸ்டூலும் பிளேன்டீயும்தான். பிறகுதான் வாக்குவாதம். இந்தக் கனவான்களுக்கு அந்த அளவு யாவாரம்கூடத் தெரியவில்லை.

குழுவில் எழுதினேன்: "தேர் போகாதுன்னா காரணத்தைச் சொல்லுங்க. ஆளைப் பத்திப் பேசணும்னா கடைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

திரும்பச் சேர்க்கவா என்று செல்விக்குப் போன் போட்டேன்.

"கேட்டதுக்குப் பதில் வந்துச்சாண்ணே?"

"இல்லம்மா."

"வந்தோடன சேருங்க."

இப்போது குழுவைப் பார்த்தேன். சந்திரன் ஒரு ரோஜாப்பூ போட்டிருக்கிறான். இனிய இரவாம்.