மூடியில் சாப்பிடும் நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது அவர் பேச்சையும் கேட்பதில்லை, டாக்டர் பேச்சையும் கேட்பதில்லை.

உன் கடிதம் வந்தது. எழுத்து கோணாமல் இருந்தது. கையில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். அவன் பேரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

புருஷன் வீட்டை விட்டு வந்தவளுக்கு நன்றி சொல்ல என்ன இருக்கிறது, இந்த வருஷம் நம் வீட்டு நன்றி நாளை நான் இல்லாமலே நடத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆறு பேர் என்று எழுதிச் சாமான் வாங்கியாகிவிட்டது. எழுதின கணக்கை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

போன வாரம் உன் அத்தை வந்திருந்தாள். "வாழாம வந்தவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாங்க எப்படி உட்கார்ந்து சாப்பிடறது, அண்ணி?" என்றாள். "உட்கார முடியலேன்னா நின்னுக்கிட்டே சாப்பிடு" என்றேன். அப்பா சிரிப்பை மறைக்க இருமினார். அவள் பாதிக் காப்பியோடு எழுந்து போய்விட்டாள். ஞாயிறன்று வருவாள், பார். என் சமையலை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அவளுக்கு ரோஷம் கிடையாது.

உன் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், "அக்கா ராத்திரி பஸ்ஸுல வரட்டுமே, தெருவுல யாரும் பார்க்க மாட்டாங்க" என்று. நீ என்ன திருடிவிட்டா வருகிறாய்? காலை பஸ்ஸில் வா. பால் வாங்க எல்லோரும் வாசலில் நிற்கும் நேரத்தில் நடுத்தெருவில் நடந்து வா. முனையில் நான் நிற்பேன். பெட்டியை நான் தூக்குவேன்.

மாடி வீட்டுத் தையல்காரம்மாதான் ஒழுங்கான கேள்வி கேட்டார்: "பொண்ணுக்குப் பழைய அளவே சரியா இருக்குமா, இளைச்சிருக்காளா?"

இந்த நாள் எப்படி வந்தது என்பதையே நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அப்போது உனக்கு ஐந்து வயது. வெள்ளம் வடிந்தபோது நம் வீட்டில் மிஞ்சியது சேறுதான். தையல்காரம்மா ஒரு பானைச் சோறு இறக்கிக் கொடுத்தார். தட்டுக்கு வழியில்லை, அவருடைய பாத்திர மூடிகளை மல்லாத்திப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். உயிர் பிழைத்ததற்கு ஆளுக்கொரு நன்றி சொல்வோம் என்றார் அப்பா. அவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கடவுளுக்கும் எனக்கும் ஒரு வாரமாகப் பேச்சு இல்லை. உன் முறை வந்தது. "மாட்டேன், என் செருப்பு போயிடுச்சு" என்றாய், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. அப்பா சிரித்தார், தையல்காரம்மா சிரித்தார், நான் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன். அப்புறம்தான் எனக்குப் பிரார்த்தனை வந்தது. ஆக, இந்த நாளை ஆரம்பித்து வைத்ததே உன் 'மாட்டேன்'தான்.

இந்த வருஷமும் உன் மூடி அதே நெளிந்த மூடிதான். தட்டி நிமிர்த்தி வருகிறேன் என்றான் தம்பி. தொடாதே என்றேன். அடியில் வைக்கத் துணி மடித்து வைத்திருக்கிறேன், குழம்பு ஒரு பக்கம் ஓடாது. உன் முறை வரும்போது சொல்ல ஒன்றும் இல்லையென்றால் மாட்டேன் என்று சொல், அத்தைக்குக் கேட்கிற மாதிரி. கடவுள் அதை உன் வாயிலிருந்து முன்பே கேட்டவர், கோபிக்க மாட்டார்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தாயே, அதற்கான என் நன்றி இன்னும் பாக்கி. நீ எதிரில் உட்கார்ந்தால்தான் சொல்வேன். கடவுளைக் காக்க வைக்காதே.

முனையில் நிற்கும்,
அம்மா