நெட் வராத வாரம்

மார்ச் 4, செவ்வாய்

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாயிற்று. பழைய சிஸ்டம் கேமராவைத் திறந்தாலே உறைந்துவிடும், அதனால்தான் இந்த வேலையே. ஆபீஸ் சிஸ்டம்காரர் கொடுத்த பென்டிரைவை வைத்து, மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, நானே போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் வைஃபை என்ற பேச்சே திரையில் எங்கும் இல்லை. பக்கத்து மேஜையில் மோடம் பச்சையாக எரிகிறது. இதற்குக் கண் தெரியவில்லை.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்றபிறகு வெறும் போன் எதற்கு உதவும்? முகம் பார்க்க வேண்டும். என் நல்ல போன் என்னோடு சேர்ந்து படிக்கட்டில் விழுந்து நொறுங்கிவிட்டது. கையில் இருப்பது பட்டன் போன்.

மார்ச் 5

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணா பேசினார். "நீ ஏன் வரலைன்னு கேக்குற மாதிரியே பாக்குறாரும்மா. வேலை அதிகம்னு சொல்லி வச்சிருக்கேன். கால் விஷயம் தெரியவே கூடாது. தாங்க மாட்டாரு."

வேலை அதிகமாம். எங்கள் வீட்டில் நோயாளியிடம் நல்லதை மட்டும்தான் சொல்வார்கள், பொய்யானாலும். இது நல்லதா?

மார்ச் 6

சிஸ்டம்காரர் போனில் சொல்லச் சொல்லத் தட்டினேன். கறுப்புத் திரையில் என்னென்னவோ ஓடியது. கடைசியில், "வைஃபை கார்டுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் இல்ல மேடம். டவுன்லோட் பண்ணணும்" என்றார்.

"எதுல?"

அவரே சிரித்துவிட்டார். நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர நெட் வேண்டும். கேபிள் போடலாமென்றால் இந்த ஒல்லி லேப்டாப்பில் அதற்கு இடமே வைக்கவில்லை. யாருடைய ஸ்மார்ட்போனையாவது வயரில் மாட்டினால் அதன் வழியாக நெட் வருமாம்.

யாருடைய? கீழ்வீட்டு அக்காதான் இருக்கிறார். அவர் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய படியில்தான் விழுந்தேன். அன்று நான் பேசாத பேச்சில்லை. அவர் முகத்தில் விழிக்க மாட்டேன்.

மார்ச் 7

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்தது. இன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

காலையில் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். அக்கா உடனே மேலே வந்துவிட்டார்.

"இதக் கேக்கவா இத்தன நாளு? நீ கத்தின கத்துல நான்தான் வரவே பயந்துட்டேன்."

சாயங்காலம் அவருக்கு டியூட்டி, போன் அவரோடு போய்விடும். அதற்குள் வயரை மாட்டி, டிரைவரை இறக்கி, அணைத்துப் போட்டேன். வைஃபை வந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்பா, பாப்பா பேசுறாப்பா" என்று அண்ணா கெஞ்சுகிறார், திரும்பவேயில்லை. அவர் கணக்கில், வேலைதான் பெரிதென்று இருந்தவள்தானே நான்.

பொறுக்கவில்லை. "கீழ விழுந்துட்டேன்ப்பா. நடக்க முடியலப்பா. இல்லன்னா வராம இருப்பேனா?" லேப்டாப்பைச் சாய்த்து மாவுக்கட்டைக் காட்டிவிட்டேன். அப்பா திரும்பினார். நல்ல கையால் திரையைத் தடவினார். அழுதார். அண்ணா பட்டென்று துண்டித்துவிட்டார்.

தப்புப் பண்ணிட்டேனா? — தெரியலையே.

மார்ச் 9

அண்ணா எடுக்கவில்லை. கோபம்.

மார்ச் 10, திங்கள்

விடிகாலையில் அப்பா போய்விட்டார்.

அண்ணாதான் போன் பண்ணினார். "நேத்து முழுக்கத் தன் காலத் தட்டித் தட்டிக் காட்டுனாரும்மா. உன் கால் எப்படியிருக்குன்னு கேட்டாரு. சீக்கிரம் சரியாயிடும்னு சொன்னேன். அப்புறந்தான் தூங்கினாரு. நான் உன்னக் கூப்பிட்டிருக்கணும்."

ஆமாம். கூப்பிட்டிருக்க வேண்டும்.

இன்னும் சற்று நேரத்தில் எடுக்கப்போகிறார்கள். அண்ணா வீடியோவில் போட்டிருக்கிறார். எல்லோரும் அப்பாவைச் சுற்றி நிற்கிறார்கள். நெட் ஒருமுறைகூட விட்டுப்போகவில்லை.