அப்பா ஊசி போட்டுக்கொண்ட நாள்

ஐப்பசி, செவ்வாய்.

இல்லை, ஊசிக்கு அப்பா பயப்படவில்லை. அது தரும் மயக்கத்துக்குத்தான் பயந்தார். குடலுக்குள் குழாய் விட்டுப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மயக்காமல் செய்தால் வலிக்கும் என்று தாதி சொன்னார். அவர் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண்.

"வலிச்சா வலிக்கட்டும் தங்கச்சி. திரும்பிப் போகேக்கை பேராதனைப் பாலத்தடியிலை ஆமிக்காரன் மறிச்சு விசாரிப்பான். நான் தெளிவா இருந்து சிங்களத்திலை மறுமொழி சொல்ல வேணும்."

"நான் சொல்லுறன் அப்பா."

"உன்ர சிங்களத்திலையோ? ரெண்டு பேரையும் உள்ளுக்கை போட்டிடுவான்."

தாதி சிரித்துவிட்டார். "மக பேசிக்குவாங்க ஐயா. நீங்க கொஞ்சம் தூங்குங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஊசிக்குக் கையை நீட்டினார்.

அரை மணித்தியாலம் வெளியே இருந்தேன். குடல் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் வந்து சொன்னார். அப்பாவை அரைத்தூக்கத்திலேயே ஓட்டோவில் ஏற்றினேன்.

பாலத்தடியில் ஓட்டோவை மறித்தார்கள். அப்பா என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அடையாள அட்டைகளையும் நீட்டினேன். இவருக்கு என்ன நோய் என்று சிப்பாய் கேட்டான். நோய் இல்லை என்றேன், என் உடைந்த சிங்களத்தில். நோய் இல்லை. இரண்டாம் முறை சொல்லும்போது அழுதுகொண்டிருந்தேன். அந்த நல்ல செய்தியை நான் முதன்முதலில் சொன்னது துவக்கோடு நின்ற ஒருவனிடம். அவன் அட்டைகளைத் திருப்பித் தந்தான். அவருடைய தலை இடிபடும், பிடித்துக்கொள் என்றான்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் படுக்க வைத்தேன். பிறகு கஞ்சிக்கு அரிசி கழுவினேன்.