காலித் தொட்டில் நிற்கும் இடம்

ஜூன் 2

இன்று ஸ்பிரிங் தொட்டில் கட்டினார்கள். இருந்தவர்கள்: நான், என் மகள், மாப்பிள்ளை, பத்தாவது படிக்கும் பேத்தி, ஐந்து மாதப் பேரன். பின்னால் யாரும் ‘எனக்குத் தெரியாது’ என்று நழுவக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன். கூரைக் கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் தொட்டில். ஸ்பிரிங் கழன்றாலும் பிள்ளை விழாமல் இருக்கக் கூடவே ஒரு காவல் கயிறு. காலித் தொட்டிலின் அடி நின்ற உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஜன்னல் சட்டத்தின் கீழ்த் திருகாணிக்கு நேர்.

“எதுக்கு அத்தை, தொட்டில் வளரப்போகுதா?” என்றார் மாப்பிள்ளை. சிரித்தார்கள். என் மகளும்தான்.

ஜூன் 9

கயிறு உரசிக் கிறீச்சிடுகிறதாம், மாப்பிள்ளைக்கு மத்தியானத் தூக்கம் கெடுகிறதாம். கத்தரிக்கோலால் அறுத்து எறிந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 20

பேத்தி பள்ளிப் பாடத்தைத் தொட்டிலில் காட்டினாள். கீழே போகும்போது ஸ்பிரிங் இழுபட்டுச் சக்தியை உள்ளே சேர்த்துக்கொள்ளுமாம். மேலே வரும்போது அதுவே வேகமாக மாறுமாம். அடியில் மட்டும் ஒரு நொடி நிற்குமாம்.

நிற்கும்போது சும்மாதானே இருக்கிறது என்று கேட்டேன்.

“சும்மா இல்ல பாட்டி. அங்கதான் ஸ்பிரிங் முழு மூச்சா இழுத்துப் பிடிச்சிருக்கு.”

அதிலிருந்து அந்த ஒரு நொடியைத்தான் பார்க்கிறேன். பிள்ளை அடியில் நின்று சிரிக்கிறான்.

ஜூலை 4

காலித் தொட்டில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. பிள்ளை கனத்தில் இறங்கும், சரி. காலியாக இருக்கும்போது ஏன் இறங்கணும்?

ஜூலை 6

மகளைக் கூட்டிவந்து காட்டப் போனால் கோட்டைக் காணோம். சுவர் அழுக்கென்று துடைத்துவிட்டாளாம். “உனக்குக் கண்ணு சரியில்லம்மா” என்கிறாள். கண் போகட்டும், ஞாபகம் போயிடுச்சா? திருகாணி அங்கேயேதான் இருக்கிறது. இப்போது இரண்டு விரல். அத்தைக்குப் பொழுது போகவில்லை என்றார் மாப்பிள்ளை, என் காதுபடவே.

ஜூலை 7

பிள்ளை தூங்கி எழும்வரை தொட்டிலுக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கை தாங்குமா?

ஜூலை 8

காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் கனத்துக்கு எட்டு கிலோ மாவுப் பையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன்.

“மாவைத் தூங்க வைக்கிறியாம்மா?” என்று வாசற்படியில் நின்று கேட்டாள் மகள்.

பதினோராவது ஆட்டம். அடியில் நிற்கும் அந்த நொடி. ஸ்பிரிங் மேலே துள்ளிக் கூரையில் அடித்தது. பை தரையில் வெடித்தது. ஸ்பிரிங் முனையில் வளைந்திருந்த கொக்கி நிமிர்ந்து போயிருந்தது — இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்திருக்கிறது. மகள் மாவுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை கெக்கலித்துச் சிரித்தான்.

ஜூலை 12

மாப்பிள்ளை புது ஸ்பிரிங் வாங்கி மாட்டினார். கயிறு? “புதுசுதானே அத்தை” என்றார்.

மகள் கடைக்குப் போய்த் தடிமனாகக் கயிறு வாங்கிவந்து தானே கட்டினாள். பிறகு என்னிடம் பென்சில் கேட்டாள். கோட்டை அவளே போட்டாள், பக்கத்தில் தேதியும்.

மத்தியானம் கயிறு கிறீச்சிட்டது. உள்ளறையில் மாப்பிள்ளை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் ஆட்டினேன்.

சுவரைத் துடைத்ததற்கு மகளை மன்னித்துவிட்டேன். சிரித்ததற்கும். மன்னிக்காதது ஒரே ஆளைத்தான்: மாப்பிள்ளையை.