ஞாயிற்றுக்கிழமை நாடகம்

குளச்சல்

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதி நடிக்கும் நாடகத்தை நிறுத்தச் சொல்லி நான் பங்குத்தந்தையிடம் போனதாக ஊரில் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. உன் அப்பாவின் நினைவு ஆண்டுத் திருப்பலிக்குச் சொல்லத்தான் போனேன்.

அடுத்த வீட்டு லில்லிபாய் உன் ஒத்திகையைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தாள். "மாமி, ஒங்க வீட்டுக் கதைய ஒங்க மவ மேடையில ஏத்துதா. நீங்க சும்மா இருக்கிய?"

"நீயும் டிக்கெட் எடுத்துப் பாரு பிள்ளே" என்றேன்.

கணவன் அடித்ததும் மனைவி தரையில் உட்கார்ந்து அழுவதாக வைத்திருக்கிறாயாம். அவள் அழவில்லை. முகத்தைக் கழுவி, வேறு சேலை உடுத்தி, உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அதைத் திருத்திவிடு. அன்று கதவருகே நின்று நீ எவ்வளவு பார்த்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நாகர்கோவில் அரங்கில் சனிக்கிழமை நடக்கும் குழந்தைகள் நாடகத்துக்கு எனக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறாய். குரங்கு வேடம் பார்க்க நான் வரவில்லை. உன் நாடகம் ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்களுக்கு மட்டும் என்று நோட்டீசில் போட்டிருக்கிறது. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் உன்னால் நடிக்க முடியுமா? போனில் சொல்ல வேண்டாம். எழுதி அனுப்பு.

உன் அம்மா