லுவார் ஆற்றில் ஓர் எல்லைத் தகராறு

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரெஸ்ட் குளிரில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். நாந்த் நகரில் டிராம் நிற்கும் துறையிலிருந்து லுவார் ஆற்றைக் கடக்கும் படகை இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்.

நேற்று படகில் ஏறிய மீன்காரி மர்த்தீன், "எந்த ஊருப்பா?" என்றாள்.

"பிரெஸ்ட். பிரிட்டனிக்காரன்."

"அப்ப நாங்க யாரு? நாந்த்தும் அந்தக் காலத்துல பிரிட்டனிதானே! பாரீஸ்ல எவனோ கோடு போட்டுப் பிரிச்சிட்டா ஊரு மாறிடுமா?"

படகே இரண்டு கட்சியானது. வாய் பார்த்து நின்றதில் துறையைத் தவறவிட்டேன்; நீரோட்டம் கீழே இழுத்துப் போனது. திருப்பிக் கொண்டுவருவதற்குள் கைதூக்கி முடிவு செய்துவிட்டார்கள்: நாந்த் பிரிட்டனிதான்.

பிரிட்டனியை விட்டுக் கால் எடுத்து வைக்கமாட்டேன் என்றாயே, இனி அந்தச் சாக்கு செல்லாது. வரும்போது நம் ஊர் கிரேப் தோசை சுடும் கல்லை எடுத்து வா. ஒருவனுக்காக மாவு கரைக்க மனம் வரவில்லை.

படகுக்கு நேரமாகிவிட்டது. ரயில் சீட்டு உறைக்குள் இருக்கிறது. உள்ளூர்ப் பயணம்தான், அம்மா.

உன் கூல்வென்